நான் போட்ட ஐந்து கையெழுத்து

எனக்கு வாய் அதிகம். வீட்டிலும் சரி, கோயிலிலும் சரி, சந்தையிலும் சரி, என்னிடம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. மீன்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே நல்ல மீனைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார், எதற்கு வம்பு என்று. இப்படிப்பட்டவள் ஐந்து வருடம் ஓர் அறைக்குள் ஊமையாக உட்கார்ந்திருந்தேன் என்றால் என் நாத்தனார் நம்ப மாட்டாள். நம்ப வேண்டாம். எனக்கே இப்போது நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அந்த அறை சிங்கப்பூரில் இருக்கிறது, நான் வேலை செய்யும் தொழிற்சாலையில். மலேசியப் பக்கம், ஜொகூரில், கெலாங் பாத்தாவில் எங்கள் தாமான் குடியிருப்பு வாசலில் தொழிற்சாலை பஸ் ஏறினால், இந்தப் பக்கம் ஒரு பாஸ்போர்ட் சோதனை, பாலம், அந்தப் பக்கம் ஒரு சோதனை, பிறகு வேலை. மருத்துவமனையில் இரத்தம் எடுத்து ஊற்றும் சின்னக் குழாய்கள் உண்டே, அவற்றுக்கு மூடி செய்கிறோம். விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே மூடிகளைப் புரட்டிப் புரட்டி, விரிசல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோற்றில்கூட விரிசல் தெரியும்.

வேலையை வாங்கித் தந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. சொந்த அக்கா இல்லை. இருந்திருந்தாலும் இவர் அளவுக்குப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான். அவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் அநியாயக்காரி ஆகிவிடுவேன்.

எனக்கு ஏழாவது மாதத்தில் ஒரு பிள்ளை தவறிப்போனது. பெண்பிள்ளை. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் யாரோடும் பேசவில்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பேன், சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், மனசுக்கு. அது என் கணவருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், வேறு ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அக்கா தினமும் வேலை முடிந்து வந்து என் தலையை வாரிவிடுவார். பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டார். அவர்பாட்டுக்கு பஸ்ஸில் நடந்ததை, தொழிற்சாலையில் யார் யாரோடு சண்டை என்பதை எல்லாம் சொல்லிக்கொண்டே வாருவார். ஒரு நாள் நான் சிரித்துவிட்டேன். மறு வாரமே, "நீ வீட்டுக்குள்ளயே கெடந்தா சரிப்பட்டு வராது. என்கூட வேலைக்கு வந்துடு" என்றார்.

"எனக்கு இங்கிலீஷ் வராதேக்கா."

"நான் எதுக்கு இருக்கேன்? நீ சும்மா உக்காரு, நான் பேசிக்கிறேன்."

அங்கேதான் ஆரம்பித்தது. நேர்காணலில் நான் சும்மா உட்கார்ந்தேன். அவர் பேசினார். வேலை கிடைத்தது.

நான் சிம்பாங் ரெங்கம் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாயில் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும். இடைநிலைப்பள்ளியில் ஆங்கில வகுப்பில் ஒரு நாள் எழுந்து வாசித்தேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, ஆசிரியை உட்பட. அன்றைக்கு மூடிய வாய். படித்தால் எழுத்துக் கூட்டிப் புரிந்துகொள்வேன். பேசத்தான் வராது. வராது என்றுகூட இல்லை, பேசமாட்டேன். மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜொகூரில் அது போதும், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆனால் எங்கள் மேனேஜர் சிங்கப்பூர்ச் சீனப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். மலாய் அவள் அம்மா தலைமுறையோடு போய்விட்டது. அவளுக்கு ஆங்கிலம், எனக்கு மலாய், நடுவில் அக்கா.

ஒவ்வொரு வருடக் கடைசியிலும் ரிவியூ என்று ஒன்று வைப்பார்கள். மேனேஜர் அறையில் நாமும் அவளும் உட்கார்ந்து, வருடம் முழுக்க எப்படி வேலை செய்தோம், அடுத்த வருடம் என்ன என்று பேசுவது. ஆங்கிலம் வராதவர்கள் துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். எனக்குத் துணை யார் என்று சொல்லவே வேண்டாம். அந்த அறையில் குளிர்சாதனம் அளவுக்கு மீறிக் குளிரும். நான் மேசையில் இருக்கும் டிஷ்யூ டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருவரும் படபடவென்று பேசுவார்கள். பாதியில் மேனேஜர் என்னைப் பார்ப்பாள். அக்கா தமிழில் சொல்லுவார்.

"லைன் லீடர் இந்த வருஷமும் இல்லையாம். அடுத்த வருஷம் பாக்கலாங்கிறாங்க. சரின்னு சொல்லு."

"ஓகே மேடம். தேங்க் யூ மேடம்."

தாளை நீட்டுவாள். கையெழுத்துப் போடுவேன். கொரோனாவில் எல்லை மூடிக்கிடந்த காலத்தைக் கழித்துவிட்டால், ஐந்து வருடத்தில் ஐந்து கையெழுத்து.

லைன் லீடர் என்றால் ஏதோ மகாராணிப் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு இயந்திரம், இருபது பேர். காலையில் எல்லோரையும் நிற்க வைத்து நேற்று என்ன தப்பு, இன்றைக்கு என்ன வேலை என்று பத்து நிமிடம் பேச வேண்டும். பிறகு நாள் முழுக்க நடக்க வேண்டும், பார்க்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. முதல் காரணம், எனக்கு வேலை தெரியும். மூன்றாவது இயந்திரத்தில் சூடு கூடினால் மூடியின் ஓரம் ஒரு மயிரிழை வெளுக்கும். டெக்னீஷியன் பார்ப்பதற்கு முன் நான் பார்த்துவிடுவேன். பார்த்து யாரிடம் சொல்வேன்? அக்காவிடம். அக்கா போய் ஆங்கிலத்தில் சொல்வார். "குட், குட்" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது காரணம் யாரிடமும் சொல்லாதது. பிள்ளை போன பிறகு என் மாமியார் வீட்டுப் பக்கம் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "அவ ஒரு மாதிரி." கல்யாண வீட்டில் என்னைப் பந்தியில் ஒரு வேலை செய்ய விடமாட்டார்கள், பாவம், உட்காரட்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம். இருபது பேர் என்னை நம்பி ஒரு வேலையில் நின்றால், எனக்கு மூளை சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கே ஒரு தைரியம் வரும். அந்த நாற்காலியைவிட்டு எழுந்து நிற்கவேண்டும், அதுதான் நான் கேட்டது.

அக்காவிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு ரிவியூ முடிந்த பிறகும் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "என்னக்கா கொறச்சல் என்கிட்ட?" என்று கேட்பேன். "உன்கிட்ட ஒரு கொறையும் இல்ல. அவங்களுக்குக் கண்ணு இல்ல" என்பார். அந்த வார்த்தையை நான் ஒரு வருடம் வைத்துச் சாப்பிடுவேன்.

போன வருடக் கடைசியில் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஜொகூர் பாருவில் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் விடுப்பு. நான்தான் தினமும் கஞ்சி, ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிவியூ தேதி அந்த மூன்று வாரத்துக்குள் வந்துவிட்டது. சொன்னவுடன் அக்கா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் தையல், வலி வேறு.

"தள்ளிப்போடச் சொல்லு. நான் வந்ததும் பேசிக்கலாம்."

"கேட்டேங்க்கா. முடியாதாம்."

"அப்ப நீ உள்ள போயி ஒண்ணும் பேசாத. கையெழுத்த மட்டும் போட்டுட்டு வந்துடு. என்னா?"

என் மேல் எவ்வளவு அக்கறை என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. என்னைப்போல் ஓர் அசடு உண்டா சொல்லுங்கள்.

அன்றைக்கு நான் தனியாக உள்ளே போனேன். மேனேஜர் சிரித்தாள். என் துணை நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தன் கைப்பேசியை எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள். அவள் ஆங்கிலத்தில் பேசினால் அது தமிழில் பேசும். ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி.

"வணக்கம். தங்கள் பணி மிகச் சிறப்பாக உள்ளது" என்றது கைப்பேசி.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தமிழை நான் தமிழ்ப்பள்ளி விட்ட பிறகு கேட்டதில்லை. மேனேஜர் மறுபடியும் ஏதோ சொன்னாள்.

"இந்த ஆண்டும் குழுத் தலைவர் பதவியைத் தாங்கள் மறுக்கிறீர்களா?"

சிரிப்பு நின்றது. இயந்திரம் ஏதோ தப்பாகச் சொல்கிறது என்று நினைத்தேன். கையைக் காட்டினேன், மறுபடி என்று. மறுபடியும் அதையே சொன்னது. மறுக்கிறீர்களா. நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு மேனேஜர் என் கோப்பைத் திறந்தாள், ஒவ்வொரு வருடத் தாளாக எடுத்து வைத்தாள். எல்லாவற்றிலும் கீழே என் கையெழுத்து. அதற்கு மேலே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி. நான் விரலை வைத்து எழுத்துக் கூட்டத் தொடங்கினேன். பாவம் பார்த்து அவளே அதைக் கைப்பேசிக்கு வாசித்துக் காட்டினாள்.

"முதல் ஆண்டு. ஊழியருக்குப் பதவியில் விருப்பம் இல்லை. இரண்டாம் ஆண்டு. கணவர் அனுமதிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு. ஊழியருக்கு முன்பு மனநோய் இருந்தது. மருந்து உட்கொண்டவர். அழுத்தம் தாங்க மாட்டார். இனி இந்தப் பதவி குறித்து அவரிடம் கேட்க வேண்டாம் எனத் தோழி கேட்டுக்கொண்டார்."

நான்காவது, ஐந்தாவது தாள்களில், 'முன்பு போலவே' என்று மட்டும் இருந்தது.

என்ன சொல்வது. அந்தக் குரல் சத்தமாக வேறு இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த ஆள் காத்திருக்கிறாள், அவளும் தமிழ்ப்பெண். என் கணவரும் நானும் படுக்கையில் கிசுகிசுத்துப் பேசிக்கொள்ளும் விஷயத்தை ஓர் இயந்திரம் சுத்தமான தமிழில் வாசித்துக்கொண்டிருந்தது. முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். யாரோ என்னைத் தெருவில் நிறுத்தித் துணியை உருவிய மாதிரி.

பிறகுதான் உறைத்தது. இவள் ஒவ்வொரு வருடமும் எனக்குக் கொடுத்திருக்கிறாள். நான் ஒவ்வொரு வருடமும் "ஓகே மேடம், தேங்க் யூ மேடம்" என்று வேண்டாம் என்றிருக்கிறேன். பல்லைக் காட்டிக்கொண்டு.

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. எனக்குத் தெரியாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள். நான் அதைப் பிடித்துக் கவிழ்த்து வைத்தேன். மேனேஜர் கையிலிருந்து பிடுங்கினேன் என்று சொல்வதுதான் சரி.

"நோ போன், மேடம். ஐ டாக்."

பேசினேன். எப்படிப் பேசினேன் என்று கேட்காதீர்கள். அலமாக், அதைக் கேட்டிருந்தால் என் பழைய ஆசிரியை செத்தே போயிருப்பார். "ஐ வாண்ட். ஃபைவ் இயர் ஐ வாண்ட். மை ஹஸ்பண்ட் நெவர் சே நோ. நோபடி ஆஸ்க் மீ." வார்த்தை வராத இடத்தில் மலாயைப் போட்டு நிரப்பினேன், அதுவும் வராத இடத்தில் மேசையைத் தட்டினேன். கடைசியில் அந்த மூன்றாம் வருடத் தாளில் விரலை வைத்து, "பேபி டை, மேடம். மதர் க்ரை. தட் இஸ் நார்மல்" என்றேன்.

அவள் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினாள். எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவள்தான் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வாரத்துக்குக் காலைப் பேச்சை நான் நடத்த வேண்டும், சரியாக வந்தால் வேலை எனக்கு என்று முடிவானது. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் படித்தேன். அரை மணி நேரம் ஆனது. அவள் காத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், லேசில் கோபப்படாத மனிதர். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்துவிட்டார்.

"நான் வேணாம்னு சொன்னேனா? எப்ப சொன்னேன்? எனக்கே தெரியாம நான் எப்படி லா சொன்னேன்?"

அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டேன். மாத்திரை விஷயத்தைச் சொன்னபோது அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அது என்னை அதிகமாகக் குடைந்தது.

மறுநாள் சனிக்கிழமை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அக்கா வீட்டுக்குப் போனேன். கையில் ரசம் இருந்தது. ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு வாரமாக அந்த நேரத்துக்கு ரசம் வைத்துப் பழகிவிட்டது, வைத்துவிட்டேன். அக்கா சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"இல்லக்கா. பேசிட்டு வந்தேன்."

தொலைக்காட்சியை அணைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வருடம், இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம். அவர் முகத்தில் அதிர்ச்சி ஏதும் இல்லை. எப்போதாவது இந்த நாள் வரும் என்று தெரிந்து வைத்திருந்தவர் மாதிரி இருந்தார்.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். உன்னால அதெல்லாம் தாங்க முடியாதும்மா."

"பூசி மெழுகாதீங்கக்கா. என்னால முடியுமா முடியாதான்னு ஒரு தடவை என்கிட்ட கேட்டீங்களா?"

"நீ ஒரு தடவை அந்த ரூம்ல வாயத் தொறந்தியா?"

பளார் என்று விழுந்தது. திறக்கவில்லைதான். ஐந்து வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை என்ன என்று கேட்கவில்லை. அவர் பேச்சில் பாதியாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். டிஷ்யூ டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச ஓர் ஆள் இருக்கிறார் என்ற சுகம் எனக்கும் வேண்டியிருந்தது. அவர் கேட்டது நியாயம்தான், அதனாலேயே கோபம் இரண்டு மடங்காக ஏறியது.

"சரி, நான் தொறக்கல. அதுக்காக நீங்க என் தலையில மொளகா அரைப்பீங்களா?"

அப்போதுதான் அவருக்கும் பொறுமை போனது.

"நான் அந்த லீடர் வேலையை ரெண்டு தடவை கேட்டேன், தெரியுமா உனக்கு? ரெண்டு தடவையும் தரல. எனக்குக் கை வேகம் பத்தாதாம். அப்புறம் உன்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, இவளுக்குத் தரலாமா, கேட்டுச் சொல்லுன்னு என்கிட்டயே கேக்கறா. நான் கூட்டிட்டு வந்த ஆளு நீ. நீ எனக்கு மேல நின்னு என்னை வேலை வாங்குவ, நான் அதை என் வாயாலயே உனக்குச் சொல்லணுமா?"

அவர் அழுதார். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அந்த இடத்தில் உண்மையாகவே மனம் இளகியது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த வேலையே வேண்டாம் என்றிருப்பேன். சத்தியமாக. அதையும் சொன்னேன். பிறகு கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அந்த மாத்திரை விஷயம் எதுக்குக்கா? புருஷன் விடலன்னு சொன்னீங்க, சரி. ஆசையில்லன்னு சொன்னீங்க, சரி. அதை எதுக்குச் சொன்னீங்க?"

மூக்கைத் துடைத்துக்கொண்டார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அவ வருஷா வருஷம் விடாம கேட்டுக்கிட்டே இருந்தா. அதைச் சொன்னாதான் திரும்பக் கேக்க மாட்டான்னு தெரியும்."

என் தலையை வாரிவிட்ட கை. அந்தக் கைக்குத்தான் எங்கே அடித்தால் நான் எழமாட்டேன் என்று தெரிந்திருந்தது. நான் ரசத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டு வரவேற்பறை தொழிற்சாலை ஆகிவிட்டது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அவற்றைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசுவேன். ஒரு நாற்காலியில் கணவர். "குட் மார்னிங் எவ்ரிபடி" என்பேன், "குட் மார்னிங் டீச்சர்" என்பார். முறைப்பேன். "சரி சரி, நான் கெட்ட மூடி, என்னைப் பொறுக்கிப் போடு" என்பார். மெஷின், டெம்பரேச்சர், ரிஜெக்ட், ரீசெக் என்று முப்பது வார்த்தையை ஒரு தாளில் எழுதி, சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தேன். சில நாள் நன்றாக வரும். சில நாள் அந்தப் பழைய வகுப்பு நினைவு வந்து தாளைச் சுருட்டி எறிவேன். பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாரமும் என்னை எழுப்பி நிற்க வைத்தது தைரியம் இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

நான் பேசத் தொடங்கும் திங்கட்கிழமை அன்றுதான் அக்காவும் வேலைக்குத் திரும்பினார். பஸ்ஸில் எங்கள் வழக்கமான இருக்கையில் நான் மட்டும். அவர் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். இருபது பேரும் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள், கண் மட்டும்தான் தெரியும். இருபது பேரில் அக்காவின் கண்ணை மட்டும் எனக்கு அடையாளம் தெரிந்துகொண்டே இருந்தது. மேனேஜர் ஓரமாக நின்றாள்.

முதல் நிமிடம் போனது. இரண்டாவது நிமிடம் போனது. மூன்றாவது இயந்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது நின்றுவிட்டது. ஓரம் வெளுக்கிறது என்று சொல்ல வேண்டும். ஓரத்துக்கு என்ன வார்த்தை? வீட்டில் நூறு தடவை சொன்னது. வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி நிற்கிறேன். யாரோ இருமினார்கள். பழக்கதோஷம், என் கண் நேராக அக்காவிடம் போனது. அக்காவின் முகமூடி அசைந்தது, அவர் பேசத் தொடங்கிவிட்டார், என்னைப் பார்த்து இல்லை, மேனேஜரைப் பார்த்து.

"வெயிட்" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அக்கா நிறுத்தினார். நான் பெட்டியிலிருந்து ஒரு மூடியை எடுத்துத் தூக்கிப் பிடித்து, ஓரத்தைச் சுற்றி விரலால் காட்டினேன். "ஹியர். ஹாட், பிகம் வைட். யூ சீ வைட், யூ ஸ்டாப். டோன்ட் வெயிட் ஃபார் டெக்னீஷியன். கால் மீ." மியன்மார்ப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, எத்தனை மூடி வெளுத்தால் நிறுத்த வேண்டும் என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். "ஒன்" என்றேன். தலையாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான், பேச்சு மேலே ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலை முடியும் நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து நான்தான் லைன் லீடர் என்றாள். கைப்பேசி தேவைப்படவில்லை. அக்கா வேறு லைனுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார், கொடுத்துவிட்டோம் என்பதையும் அவளே சொன்னாள். மூன்றாம் வருடத் தாளில் இருந்த அந்த வரிகளைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டதாகவும் சொன்னாள். தாளிலிருந்து எடுக்கலாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற பெண்ணின் காதிலிருந்து எப்படி எடுப்பது என்று நான் கேட்கவில்லை.

இப்போது யாராவது என்னிடம், மன்னித்துவிட்டாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். பக்கத்து வீடு, ஒரே சுவர். அவர் வீட்டில் தாளிக்கிற வாசம் எங்கள் வீட்டுக்கு வருகிறது. கோயிலில் பார்த்தால் இருவரும் சாமியைப் பார்க்கிறோம். தைரியம் வந்துவிட்டது, ஆள் மாறிவிட்டாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். வங்கியில் பேசுகிறேன், கிளினிக்கில் பேசுகிறேன், சோதனைச்சாவடி அதிகாரியிடம்கூடப் பேசுகிறேன். கல்யாண வீட்டில் என்னை உட்காரச் சொன்னவர்களிடம், "நகருங்க, நான் பரிமாறுறேன்" என்று வாளியை வாங்கிக்கொண்டேன். இதெல்லாம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று நினைத்தால் மட்டும் சந்தோஷம் பாதியில் நின்றுவிடுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐந்து வருட ஆசை. கணவருக்குப் போன் அடித்தேன், ஃபோர்க்லிஃப்டில் இருந்தார் போலிருக்கிறது, எடுக்கவில்லை. பாலத்தில் வழக்கம்போல் நெரிசல். வாயெல்லாம் அந்தச் சேதி நிரம்பி நிற்கிறது, யாரிடமாவது கொட்டியாக வேண்டும். பஸ் நின்ற ஒரு நொடியில் நான் இருக்கையைவிட்டு எழுந்து, நடைவழியில் முன்பக்கமாக நான்கைந்து அடி வைத்து, "அக்கா, எனக்குக் கெடச்சிருச்சு" என்று வாயைத் திறந்தே விட்டேன். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் அவருடைய பின்தலை தெரிந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.